கடலின் மேல் மிதக்கும் கிணறுகள்

யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் ஆறு இல்லை, மலை இல்லை. சுற்றிலும் கடல். தோண்டினால் சுண்ணக்கல்தான், அதுவும் கடற்பஞ்சு போல ஓட்டையும் துளையுமாக நீரை உள்ளே விடுகிற கல். அடிவழியே கடல் புகுந்து கிணறுகள் எல்லாம் உப்பாகத்தானே இருக்க வேண்டும்? பல கிணறுகள் உவர்தான். ஆனால் சில இடங்களில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. ஆளும் மாடும் குதிரையும் தலைமுறை தலைமுறையாக அதைக் குடித்தே பிழைத்திருக்கிறார்கள்.

அந்தத் தீவிலேயே பிறந்த நண்பன் ஒருவனோடு ஒருநாள் போய்வந்தேன். குறிகட்டுவானில் படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். இறங்கி நடந்தால் வழியெல்லாம் முருகைக்கல் மதில்கள். சாந்து கிடையாது, கல்லின் மேல் கல் அடுக்கியதோடு சரி. உதிர்ந்து கிடந்த ஒன்றை எடுத்துத் திருப்பினேன். நட்சத்திர வடிவில் பொடிப் பொடிக் குழிகள். ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் ஒரு பவள உயிரி குடியிருந்த அறை. கடல்நீரில் கரைந்திருந்த சுண்ணத்தை எடுத்து அது தனக்குக் கட்டிக்கொண்ட வீடு.

ஒல்லாந்தர் கோட்டை என்று சொல்லப்படும் இடிபாடும் இதே கல்தான். முருகைக்கல்லைச் சூளையில் சுமார் 900 பாகை சூட்டில் சுட்டால் கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். நீர் ஊற்றி நீற்றி, மணல் கலந்து பூசினால், காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடியும் சுண்ணக்கல்லாக இறுகும். அந்தச் சுவர்களில் கல்லும் சாந்தில் இறுகிய சுண்ணமும் வேதியியலில் ஒரே பொருள்.

கோட்டையைத் தாண்டி ஒரு பழைய கிணற்றடிக்குப் போனோம். நண்பன் வாளியை இறக்கி அள்ளி நீட்டினான். “குடிச்சுப் பார். உப்புக் கரிச்சாச் சொல்லு.” கரிக்கவில்லை.

கடல் சூழ்ந்த நிலத்தடியில் நன்னீர் எப்படி நிற்கிறது என்ற கணக்கை 1880களின் இறுதியில் எழுதிக் காட்டியவர் பாடன் கைபன் என்ற ஒல்லாந்துப் பொறியியலாளர். அவருடைய நாட்டார் யாழ்ப்பாணத்தை ஆண்டது 1658 முதல் 1795 வரை. கணக்கு பிறந்தது அதற்கும் ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து. 1901இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியர் வடகடல் தீவுகளை ஆராய்ந்து தனியாக அதே முடிவுக்கு வந்தார்.

ஒரு லீற்றர் நன்னீர் ஒரு கிலோ எடை என்றால், கடல்நீர் சுமார் 1.025 கிலோ. வித்தியாசம் நாற்பதில் ஒரு பங்கு. தீவில் பெய்யும் மழை கல்லுக்குள் இறங்கி, அங்கே ஏற்கெனவே நிற்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. மிதக்கும் நீர் தன் எடையால் உப்புநீரைக் கீழே அமுக்குகிறது. நிலத்தடி நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும். நடுத்தீவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் வில்லை வடிவில் அது கிடக்கிறது. நடைமுறையில் இரண்டு நீரும் கலந்த உவர்ப்பட்டை ஒன்று இடையில் இருப்பதாலும், துளைகள் நிறைந்த கல்லில் கலப்பு எளிது என்பதாலும் முழு 40 அடியும் கிடைப்பதில்லை. ஆழமாக வெட்டினால் அதிகத் தண்ணீர் வரும் என்ற பெருநிலத்துப் புத்தி இங்கே செல்லாது. ஆழம் போனால் உப்புத்தான் வரும்.

இந்த வில்லையை நிரப்ப வருவது பெரும்பாலும் வடகீழ்ப் பருவமழை ஒன்றுதான். மற்ற மாதங்களைத் தாண்ட ஒவ்வொரு உயிருக்கும் ஒரு வழி வேண்டும். ஆப்பிரிக்காவைச் சொந்த ஊராகக் கொண்டு இங்கே வந்து நிற்கும் பெருக்கமரம் அடிமரத்திலேயே நீரைச் சேர்த்து வைத்து, வறட்சியில் இலையை உதிர்த்துவிடுகிறது. ஐரோப்பியர் விட்டுப்போன குதிரைகளின் வழிவந்த கட்டைக் குதிரைகளுக்கு அந்த வசதி இல்லை. குளம் வற்றினால் தண்ணீர்த் தொட்டியைத் தேடி அலைகின்றன. கடும் கோடையில் மடிந்தும் போகின்றன.

“இந்தக் கிணத்தில கயித்தால அள்ளலாம், மோட்டர் போடக் கூடாது எண்டு அப்பா சொல்லுவார்,” என்றான் நண்பன். கைபன் கணக்கும் அதையேதான் சொல்கிறது, திருப்பிப் போட்டுப் பார்த்தால். மேல் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழிருந்து உப்பு 40 அடி வரை ஏறப் பார்க்கும். வாளியால் அள்ளும்போது பக்கத்து நீர் வந்து சேர நேரம் இருக்கிறது. மோட்டர் ஒரே இடத்தில் விடாமல் உறிஞ்ச, அந்த இடத்துக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக எழுகிறது. ஒருமுறை உவர்த்த கிணற்றை மழை கழுவி மீட்கப் பல பருவங்கள் ஆகலாம். ஆகவே தீவில் குளத்தைத் தூர்வாருவதும் கிணறு காக்கும் வேலைதான். கடலுக்கு ஓடிவிடாமல் நின்று கல்லுக்குள் இறங்கும் ஒவ்வொரு அடி மழைநீரும் உப்பை அதைப்போல் பல மடங்கு கீழே தள்ளி வைக்கிறது.