லாரி சீட்டில் சாய்ந்தபடி ஆறுமணிக் குருவி பார்க்கலாம்!

செருப்பை இந்த மாமரத்தடியில் விட்டுவிடுங்கள். செல்போனை அணைத்துவிடுங்கள், வைப்ரேஷனில் வைத்தாலும் ஆகாது. தலையைக் குனிந்து என் பின்னாலேயே வாருங்கள். பத்திரிகையிலும் காலண்டரிலும் எத்தனையோ பறவைப் படங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளி, அலகு நுனியில் தொங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் என்று அசத்தலாக இருக்கும். அதை எடுத்தவர் எங்கே ஒளிந்திருந்தார், எதன்மேல் உட்கார்ந்திருந்தார், அவரை எத்தனை கொசு கடித்தது? அதெல்லாம் படத்தில் வராது. வராததைப் பார்க்கத்தான் இப்போது திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறோம்!

சேலம் நகரம் ஓய்ந்து சேர்வராயன் மலை எழும்புகிற இடத்தில் இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. ஏற்காட்டுக்குப் போகிற கார்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தபடி இந்தப் பக்கத்தைச் சட்டென்று கடந்துவிடும். மலையைப் பார்த்த ஒரு பட்டாத் தோட்டம். மா, பாக்கு, வேலியோரம் கிளுவை. தோட்டக்காரரை எல்லோரும் பெரியப்பா என்கிறார்கள், நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவருடைய தம்பி மகன் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். மூன்றாவது ஆள் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், கேமராப் பைத்தியம். மூவரும் சேர்ந்து ஓட்டை உடைசலை வைத்து ஒரு 'ஹைடு' கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பறவைக்குத் தெரியாமல் மனிதன் உட்காரும் மறைவிடம் அது.

முதல் தரிசனம், மோட்டார் ரூம் பின்னால் கிடக்கிற குப்பைமேடு. அடடா, கண்கொள்ளாக் காட்சி! பொன்னம்மாபேட்டைப் பக்கம் பிரித்துப் போட்ட கைத்தறி ஒன்றின் மரச்சட்டங்கள். ஓரம் கிழிந்த லாரித் தார்ப்பாய். ஜவ்வரிசி ஆலையிலிருந்து வந்த சாக்குகள். உதறினால் இன்னும் வெள்ளை மாவு பறக்கிறது. நாமக்கல் கோழிப்பண்ணையிலிருந்து கட்டுக்கட்டாக முட்டை அட்டைகள். நாற்றங்காலில் வெளுத்துப்போன பச்சை நிழல்வலை. வாத்தியாரின் பழைய ஜீன்ஸ் பேன்ட். எல்லாவற்றுக்கும் நடுவில் சிம்மாசனமாக ஒரு லாரி டிரைவர் சீட்!

"புதுசு ஒண்ணும் வாங்கலைங்களா?" என்று கேட்டேன். "ஆணி வாங்கினோம்" என்றார் பெரியப்பா. "அதுவும் அரைக் கிலோ. மிச்சம் வளைஞ்ச ஆணி, தட்டி நிமித்திக்கிட்டோம்."

சிக்கனம் மட்டும் காரணமில்லையாம். வாத்தியார் ஒரு புதுத் தார்ப்பாய்த் துண்டையும் பழையதையும் வெயிலில் அக்கம்பக்கமாகப் போட்டுக் காட்டினார். புதியது பளபளக்கிறது, காற்றில் படபடக்கிறது. பழையது மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. பளபளப்பும் படபடப்பும்தான் பறவையை விரட்டுகிற இரண்டு சங்கதிகள். வெயிலும் மழையும் வருடக்கணக்கில் செய்து வைத்த வேலையை எந்தக் கடையில் வாங்குவது?

டீ வந்துவிட்டது; தூக்குப்போசி நிறைய. பெரியப்பாவுக்குப் பேச்சும் வந்துவிட்டது. சின்ன வயதில் இதே மண்ணில் கடலைக்காட்டுக்கு அவர் பரண் கட்டியிருக்கிறார். நாலு கவட்டைக் கால், மேலே தட்டி, தட்டிமேல் வைக்கோல். ராத்திரி காட்டுப்பன்றி வந்தால் தகரத்தைத் தட்ட வேண்டும். "அன்னிக்கு வராதேன்னு தட்டினோம். இன்னிக்கு வா வான்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காரச் சொல்றான் இவன்" என்று வாத்தியாரைக் காட்டிச் சிரிக்கிறார். பரண் நமக்குப் புதிதா என்ன? கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலேயே தலைவியும் தோழியும் தினைப்புனத்துப் பரணில் ஏறி, தட்டை, குளிர், தழல் என்ற கருவிகளால் கிளி ஓட்டுகிறார்கள்.

துப்பாக்கிக்காரர்களும் பரணில்தான் காத்திருந்தார்கள். அன்றைய சேலம் மாவட்டம் ரொம்பப் பெரியது. தருமபுரி பிரிந்தது 1965-இல், நாமக்கல் பிரிந்தது 1997-இல். பெங்களூர் வேட்டைக்காரரான கென்னத் ஆண்டர்சன் 1954-இல் வெளியான முதல் புத்தகத்தில் எழுதிய ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியும் அந்தப் பழைய சேலம் மாவட்டத்துப் புலிதான். கயிற்றுக் கட்டிலை மரத்தில் தூக்கிக் கட்டி, அதையே பரணாக்கி இரவு முழுக்க விழித்திருந்ததைப் பல கதைகளில் அவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக் கட்டில் வேட்டைப் பரணானது அந்தக் காலம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. சுடுவது மட்டும் வேட்டை இல்லை. பொறி வைப்பது, பிடிப்பது, கூட்டையும் முட்டையையும் கலைப்பதுகூட அந்தச் சட்டத்தின் கணக்கில் வேட்டைதான். ஆகவே நம் ஹைடில் துப்பாக்கி நீட்டுகிற ஓட்டை கிடையாது, லென்ஸ் நீட்டுகிற ஓட்டைதான்.

அடுத்த காட்சி, குழி. ஆமாம், இந்த மறைவிடம் மேலே போகாது, கீழே இறங்கும். ஆறடிக்கு ஐந்தடி அளந்து, ஒன்றரை அடி ஆழம் வெட்டியிருக்கிறார்கள். தரையில் தத்துகிற பறவையின் கண்மட்டத்துக்குக் கேமரா வரவேண்டும் என்பது கணக்கு. வெட்டியவர் வெல்டர் தம்பி. மார்கழிக் குளிரிலும் பனியன் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். "பட்டறையில தகரம் வெட்டறதே சுகம்ங்க, இந்தச் சுக்கான்கல்லு கையைக் காய்ச்சிடுச்சு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறார். கொப்புளத்தை நானும் முறைப்படி பார்த்து 'ஐயோ' சொல்லி வைத்தேன்.

குழியின் நாலு மூலையிலும் தறிச்சட்டங்கள் நிற்கின்றன. பல வருடம் பாவைத் தாங்கிய மரம், இப்போது தார்ப்பாயைத் தாங்குகிறது. மேலே தென்னங்கீற்று வேய்ந்துகொண்டிருந்தபோது ஆடு ஓட்டிக்கொண்டு போன ஆயா ஒருவர் நின்றுவிட்டார். நாலு கால், பச்சை ஓலை, உள்ளே ஒரு ஆள் உட்காரும் இடம். "யாருக்குங்க குச்சு கட்டறீங்க? எந்தப் புள்ள பெரிய மனுசி ஆச்சு?" என்றார் அக்கறையாக. வெல்டர் தம்பி ஏணியில் இருந்தபடியே "குருவிக்குங்க ஆயா" என்றார். ஆயா அசரவில்லை. "அப்ப தாய்மாமன் நீதானா? சீரு செஞ்சுடு" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அரை மணி நேரம் வேலை நடக்கவில்லை. சிரிப்புதான்.

இதைவிட வேடிக்கை உள்ளே. கூரைக்கு அடியில் மழை ஒழுகாமல் இருக்க ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டியிருக்கிறார்கள். ஏதோ காதணி விழா பேனர். பின்பக்கத்து வெள்ளை வெளியே தெரிந்தால் பறவை மிரளும் என்று அதை ஓலை மூடியிருக்கிறது. அச்சடித்த பக்கம் உள்ளே. ஆகவே நீங்கள் சாய்ந்து மேலே பார்த்தால் முன்பின் தெரியாத ஒரு குடும்பமே கும்பிட்டபடி உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கும். மூலையில் கூலிங்கிளாஸ் மாமா ஒருவர் வேறு. "தூக்கம் வராது சார், மாமா பாத்துக்கிட்டே இருப்பாரு" என்கிறார் வாத்தியார்.

இனி சீட்டு விவகாரம். லாரி சீட்டைக் குழிக்குள் இறக்கும் விழாவுக்குத் தேங்காய் உடைக்காத குறைதான். இறக்கியதும் ஸ்பாஞ்சுக்குள் கீச்கீச் என்று சத்தம். எலிக் குடும்பம்! சீட்டை மறுபடி மேலே ஏற்றி வேலியோரம் சாய்த்து வைத்தார்கள். அம்மா எலி ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விக்கொண்டு குடிபெயரும் வரை மூன்று ஆண்பிள்ளைகளும் தள்ளி நின்று காவல் காத்தார்கள். பிறகு ஓட்டையை ஜவ்வரிசிச் சாக்கால் தைத்து, சீட்டை இறக்கி, பெரியப்பாவை முதலில் உட்கார வைத்தார்கள். அவர் ஒருமுறை அசைந்தார். 'க்ரீச்.' வாத்தியார் முகம் சுண்டிவிட்டது. ஸ்பிரிங்குக்குத் தேங்காயெண்ணெய் விட்டார்கள். இப்போது சத்தமில்லை; வாசனைதான் கொஞ்சம் சமையற்கட்டு வாசனை.

இவ்வளவு சொகுசு எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. உட்கார்ந்து பார்த்ததும் புரிந்தது. கட்டைமேல் உட்கார்ந்தவன் கால் மணிக்கு ஒருமுறை நெளிவான். நெளிந்தால் நிழல் ஆடும், நிழல் ஆடினால் பறவை பறக்கும். இடுப்புக்கு ஆதாரம், கால் நீட்ட இடம், முழங்கைக்கு ஒரு சட்டம் இருந்தால் மனிதன் தானாகவே சிலையாகிவிடுகிறான். இந்தச் சொகுசில் பாதிக்குமேல் பறவைக்காகச் செய்தது.

சுவர்களைத் தொட்டுப் பாருங்கள். உள்பக்கம் முழுக்க முட்டை அட்டை. ஷட்டர் சத்தம் குழிக்குள் எதிரொலிக்காமல் கொஞ்சம் அமுங்கும். தரையில் தென்னை நாரும் சாக்கும்; சருகு மிதிபடும் சத்தம் வராது. பின்பக்கம் இரட்டைச் சாக்குத் திரை, நுழையும் வழி அது ஒன்றுதான். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் நம் உருவம் கோட்டோவியமாகத் தெரிந்துவிடும் என்பதால் உள்ளே எப்போதும் இருட்டு. முன்பக்கத்தில் லென்ஸ் ஓட்டை. அதைச் சுற்றி வாத்தியாரின் ஜீன்ஸ் பேன்ட் கால் ஒன்று ஆணி அடித்து நிற்கிறது! லென்ஸ் அதற்குள் நுழைந்து வெளியே மூக்கை நீட்டும்; இடுக்கு வழியே கை அசைவு தெரியாது. "இன்னொரு கால் என்னாச்சு?" என்றேன். "அது ஸ்பேர்" என்றார்.

கேமரா உலகத்துக்கு இந்த ஒட்டுவேலை பரம்பரைச் சொத்து. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் காட்டுயிர்ப் படங்களில் முன்னோடியுமான மா. கிருஷ்ணன் வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா பூட்டி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் சூட்டியிருந்தார். இங்கிலாந்தில் 1900 வாக்கில் கீர்ட்டன் சகோதரர்கள் மாட்டுத்தோலில் பொய்மாடு செய்து, அதன் வயிற்றுக்குள் புகுந்து பறவைகளைப் படம் எடுத்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் நம் லாரி சீட்டு ராஜபோகம்.

எதிரே இருபதடி தள்ளி மேடை. உடைந்த சிமென்ட் தொட்டியின் மூடி, அதில் ஒரு அங்குலம் தண்ணீர். மேலே மாங்கிளையில் கட்டிய சொட்டுநீர்க் குழாய்த் துண்டு, டொக்... டொக்... என்று ஒவ்வொரு சொட்டாக விழுகிறது. அந்தச் சத்தம்தான் அழைப்பிதழ். இரை போடுவதில்லை, போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு ஏமாற்றுவதும் இல்லை. கூடு இருக்கும் மரத்தின் பக்கம் கேமரா திரும்பாது. தண்ணீர் மட்டும் இருக்கும், வந்தால் வரட்டும் என்பது இவர்கள் சட்டம்.

உள்ளே தின்பதற்கும் சட்டம் உண்டு. சேலத்துக்காரர்களின் உயிரான தட்டுவடை செட்டுக்கு இங்கே தடா! ஒரு கடி கடித்தால் ஏற்காடு வரை கேட்கும் என்கிறார் பெரியப்பா. இட்லி, வாழைப்பழம் இரண்டுக்கும் அனுமதி. வெல்டர் தம்பி வெளியே மோட்டார் ரூமில் உட்கார்ந்து நான்கு செட்டை நிம்மதியாக நொறுக்கினார்.

சரி, பேச்சை நிறுத்துவோம், சாயங்காலமாகிவிட்டது. வாத்தியார், நான், நீங்கள். கூரை மாமா மேலே. முதலில் தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து தொட்டியையே ரகளை பண்ணியது. பிறகு ஒரு கொண்டைக்குருவி. பிறகு கொசு, கொசு, கொசு. என் கழுத்தில் வியர்வைக் கோடு இறங்குகிறது, துடைக்கக் கூடாது. மலை நிழல் தோட்டத்தின் மேல் விழுகிறது. புதருக்குள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒன்று! வாத்தியார் என் முழங்கையைக் கிள்ளிய கிள்ளு இன்னும் வலிக்கிறது.

ஆறுமணிக் குருவி! காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற விருந்தாளி. குட்டை வால், பச்சை முதுகு, கண்ணுக்கு மை தீட்டிய கறுப்புப் பட்டை, வயிற்றடியில் சிவப்பு, சிறகில் ஒரு நீலக் கீற்று. சருகைப் புரட்டிப் புழு தேடியபடி தத்தித் தத்தி வந்தது. தொட்டி விளிம்பில் நின்றது. நம்மைப் பார்த்தது, நம்மை என்றா சொன்னேன், ஜீன்ஸ் காலைப் பார்த்தது. சந்தேகமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கி இறக்கையை அடித்துக் குளிக்கத் தொடங்கிவிட்டது! வாத்தியாரின் ஷட்டர் மெல்ல முணுமுணுத்தது. அது போனபிறகு வாத்தியார் வெளியே வர, மூவரும் சேர்ந்து போட்ட ஆட்டம் இருக்கிறதே! பெரியப்பா துண்டைத் தலைக்கு மேலே சுழற்றினார்!

உங்களுக்கும் கை அரிக்கிறதா? கட்டுங்கள், ஆனால் பட்டா நிலத்தில் கட்டுங்கள்; வனத்துறை நிலத்தில் அனுமதியில்லாமல் கால் வைக்க வேண்டாம். பழைய இரும்புக் கடைக்குப் போவதற்கு முன் சொந்த மாட்டுக்கொட்டகை மூலையைப் பாருங்கள். வெளுத்தது, சாயம்போனது, சத்தம் போடாதது எதுவானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். கூரையை அப்புறம் யோசிக்கலாம், முதலில் நல்ல சீட்டைத் தேடுங்கள். கட்ட இடமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ 15 நிமிடம் அசையாமல் உட்கார்ந்து, கண்ட பறவைகளைக் குறித்து இபேர்டு தளத்தில் பதிந்தால் போதும். வருகிற பொங்கலுக்குக் கரும்பைக் கடித்து முடித்த கையோடு உட்கார்ந்துவிடுங்கள். கரும்பை முதலிலேயே கடித்துவிடுவது முக்கியம்; அதுவும் சத்தம் போடும்.