கித்தாரின் கழுத்துக்கு ஏற்ற மேற்பூச்சு எது?

இசைக்கருவியின் அழகைக் கண் அறியும். அதன் குணத்தைக் கையே அறியும். மின்கித்தார் வாசிப்போரின் இடக்கை ஓயாது ஊர்ந்து திரியும் இடம் அதன் கழுத்து. ஆதலின், அக்கழுத்தின்மேல் எதனைப் பூசுவது என்னும் வினா வெறும் அலங்காரத்தைப் பற்றியதன்று. மரத்தின் ஆயுளும் விரலின் வேகமும் ஒருங்கே அதிற் தங்கியுள்ளன.

மின்கித்தார்க் கழுத்துக்குப் பெரிதும் பயன்படுவது வட அமெரிக்காவில் வளரும் மேப்பிள் மரம். வெளிறிய நிறமும் உறுதியும் நெருங்கிய இழையும் உடையது. ஆனால், ஈட்டி இனத்து மரங்களுக்கு இயற்கையாக உள்ள எண்ணெய்ப்பசை இதற்கில்லை. மூடாது விட்டால் வியர்வையும் அழுக்கும் பற்றிக் கறுக்கும். ஈரத்தில் விரிந்தும் வறட்சியிற் சுருங்கியும் ஈற்றில் வளையவுங்கூடும். கழுத்துச் சிறிது வளையினும் தந்திகளின் உயரம் மாறி வாசிப்புக் கெடும்.

கலிபோர்ணியாவிலுள்ள புல்லேர்ட்டன் நகரில் லியோ பெண்டர் 1950 ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு விட்ட மின்கித்தார்களில், கழுத்தும் விரற்பலகையும் ஒரே மேப்பிள் துண்டிலேயே அமைந்திருந்தன. அவற்றின்மேல் நைத்திரோசெலுலோசு லாக்கர் மெல்லியதாக விசிறப்பட்டது. நாளடைவில் விரல்கள் அப்பூச்சைத் தேய்த்தன. வெளிப்பட்ட மரம் கறுத்தது. 1959 இல் அந்நிறுவனம் ஈட்டி இன மரத்தாலான விரற்பலகைக்கு மாறியமைக்கு இத்தோற்றக்கேடும் ஒரு காரணமாகும். இன்றோ, அங்ஙனம் தேய்ந்த பழைய கித்தார்களையே இரசிகர் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர்!

இன்று தெரிவுக்குரியவை முக்கியமாக மூன்று. முதலாவது, அதே லாக்கர். புதிய பூச்சுப் பழையதிற் கரைந்து ஒன்றாகிவிடுவதால் பழுதுபார்த்தல் எளிது. காலம் செல்லப் பொன்னிறம் ஏறும். எனினும் விரைவில் தேயும்; அதன் ஆவி நச்சுத்தன்மையும் தீப்பற்றும் இயல்பும் உடையது.

இரண்டாவது, பொலியுரேதேன். வியர்வைக்கும் தேய்வுக்கும் நன்கு ஈடுகொடுக்கும். ஆயின், புதுப்பூச்சு பழையதுடன் கலவாமையால் திருத்திய இடம் தெரியும். பளபளப்பாக விட்டால் வியர்த்த கை ஒட்டும். கழுத்தின் பின்புறத்தை மிக நுண்ணிய அரத்தாளால் இலேசாகத் தேய்த்துப் பளபளப்பை அடக்கினால் கை வழுக்கிச் செல்லும்.

மூன்றாவது, ஆளிவிதை எண்ணெய் அல்லது துங் எண்ணெய். துணியால் மெல்லெனத் தடவி, மிகுதியைத் துடைத்து, நன்கு உலரவிட்டு, மீண்டும் தடவவேண்டும். கை மரத்தையே தொடுவதுபோன்ற உணர்வு பெறும். ஆனால் காப்புக் குறைவு. இடையிடையே புதுப்பித்தல் அவசியம். இங்கு ஓர் எச்சரிக்கை: எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைத்தால் அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெளியில் விரித்து உலர்த்திய பின்னரே அவற்றை எறிதல் வேண்டும்.

ஆகவே, எல்லார்க்கும் சிறந்ததென ஒரு பூச்சு இல்லை. கை மிக வியர்ப்போருக்கும் ஈரக் காற்றுள்ள இடங்களில் வாழ்வோருக்கும் பளபளப்படக்கிய பொலியுரேதேன் பொருந்தும். மரத்தின் தொடுகையை விரும்பி, பராமரிக்கப் பொறுமையும் உள்ளவர் எண்ணெயை நாடலாம். பழைய கருவியின் இயல்பைப் பேண விழைவோருக்கு லாக்கரே தகும். எதுவாயினும், முதலில் ஒரு மேப்பிள் துண்டிற் பூசிப் பார்த்தல் அறிவுடைமை. வாசிக்கும் வேளையில் தன்னை நினைவூட்டாத பூச்சே நல்ல பூச்சு.