குழந்தை எடை சார்ட்: 15-வது பர்சன்டைல்னா ஃபெயிலா?

"பையனுக்கு ஒரு வயசு, 8.6 கிலோ. 15-வது பர்சன்டைல்னு ஆப் காட்டுது. ஃபெயிலாடா?"ன்னு ஒரு நண்பன் கேட்டான்.

பர்சன்டைலை மார்க்கா பார்க்காதீங்க. வரிசையில நிக்கிற இடம்தான் அது. அதே வயசுல ஆரோக்கியமா இருக்கிற நூறு பையன்களை எடைப்படி நிறுத்தினா, இவனைவிடக் குறைவா சுமார் 15 பேர் இருப்பாங்க.

யார் அந்த நூறு பேர்? உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட சார்ட் இது. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு ஆறு நாடுகள்ல, தாய்ப்பால் குடிச்சு நல்ல சூழல்ல வளர்ந்த குழந்தைகளை அளந்து தயாரிச்சது. 'வெளிநாட்டுக் கணக்கு'ன்னு ஒதுக்க முடியாது.

ஒரே ஒரு ரீடிங்கை வச்சு சர்வர் டவுன்னு நாங்க சொல்ல மாட்டோம். இங்கேயும் அப்படித்தான். ஆறு மாசத்துல 7.1 கிலோ இருந்தவன் 8.6-க்கு வந்தா, தன் பாதையிலேயே போறான். 7.9-லிருந்து அதே 8.6-க்கு வந்தவன், 50-லிருந்து 15-க்கு இறங்கியிருக்கான். எடை கூடியிருக்கு, வேகம் குறைஞ்சிருக்கு. டாக்டர்கிட்ட காரணம் கேட்கணும். ஒரு வயசுல 7.7-க்குக் கீழேன்னா அது எடைக்குறைவு, தள்ளிப்போடாதீங்க.

தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் எடை பார்த்து, கார்டுல புள்ளி வைக்கச் சொல்லுங்க. புள்ளிகளைச் சேர்த்தாதான் கோடு தெரியும்.