சம்பளம் உயர்ந்தால் சேவையும் உயருமா?

அரசாங்க அலுவலகத்தில் எண் எடுத்துக் காத்திருக்கும் தோட்டத் தொழிலாளிக்கு அன்றைய சம்பளம் கிடையாது. "இந்தப் பாரம் சரியில்லை, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினால், இன்னொரு நாள் சம்பளமும் போய்விடும். முகப்பில் இருப்பவர் தம் வேலையில் நிறைவோடு இருக்கிறாரா என்பது பொதுமக்களையும் பாதிக்கும் விஷயம்.

நாட்டில் ஏறக்குறைய 16 லட்சம் அரசாங்க ஊழியர்கள் இருக்கிறார்கள். எஸ்எஸ்பிஏ எனும் புதிய சம்பள முறை 2024 டிசம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. உயர்மட்ட நிர்வாகத்தினர் தவிர மற்றவர்களுக்கு 15 விழுக்காட்டு உயர்வு அறிவிக்கப்பட்டது. முதல் கட்டமாக 8 விழுக்காடும், 2026 ஜனவரியில் 7 விழுக்காடும் என அது பிரிக்கப்பட்டது.

இது தேவையான உயர்வுதான். ஆனால், சம்பளம் மட்டும் போதாது என்கிறார் அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க். பொறியாளர்கள், கணக்காளர்கள் என சுமார் 200 பேரிடம் விசாரித்து, 1959இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். சம்பளக் குறைவும் மோசமான மேற்பார்வையும் மனக்குறையை உண்டாக்கும். அவற்றைச் சரிசெய்தால் குறை தீரும். ஆனால் உழைக்கும் ஆர்வம் தானாக வந்துவிடாது. அதற்குப் பாராட்டு, பொறுப்பு, முன்னேறும் வாய்ப்பு ஆகியவை வேண்டும். பின்வந்த ஆய்வாளர்கள் சிலர் இதை மறுத்தாலும், இக்கருத்து இன்றும் பேசப்படுகிறது.

நம் நாட்டின் ஒப்பந்த மருத்துவர்கள் பிரச்சினை இதற்கு நல்ல உதாரணம். பட்டதாரிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப நிரந்தரப் பணியிடங்கள் இல்லாததால், 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்டனர். 2021 ஜூலை 26ஆம் தேதி, கோவிட் நெருக்கடிக்கு நடுவிலும் அவர்களில் பலர் வெளிநடப்பு செய்தனர். நிரந்தர வேலையும், நிபுணத்துவப் பயிற்சிக்குச் சமமான வாய்ப்பும் அவர்களின் முக்கியக் கோரிக்கைகள். எதிர்காலம் தெரியாத மருத்துவர் வேறு இடம் தேடுவார். அவர் போய்விட்டால், அரசாங்க மருத்துவமனையையே நம்பியிருக்கும் நம் குடும்பங்களுக்குத்தான் காத்திருக்கும் நேரம் கூடும்.

இலாகாத் தலைவர்கள் வேலைப் பளுவை நியாயமாகப் பங்கிட்டு, நன்றாக உழைப்பவரை அடையாளம் கண்டு பாராட்டினால் சேவை மேம்படும். இதில் பொதுமக்களுக்கும் பங்குண்டு. புகார்களைப் பெறும் சிஸ்பா இணைய முறையில் பாராட்டையும் பதிவு செய்யலாம். அடுத்த முறை ஒரு ஊழியர் பொறுமையாக உதவினால், அவர் பெயரைக் குறித்துக்கொண்டு நாலு வரி எழுதிப் போடுங்கள்.