பத்தாயிரம் ரூபாயின் ஓராண்டுக் கணக்கு

சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாயைப் போட்டுவிட்டு ஓராண்டு கை வைக்காமல் இருப்பவருக்கு என்ன மிஞ்சும்? 2025 ஜூனில் ஸ்டேட் பேங்க் சேமிப்பு வட்டியை 2.5 சதவீதமாக இறக்கியது. ஆக, வரவு 250 ரூபாய். சாதாரண டெபிட் கார்டுக்கு 200 ரூபாய் ஆண்டுக் கட்டணம் என்றால், 18 சதவீத ஜிஎஸ்டியோடு செலவு 236. மிச்சம் 14 ரூபாய்.

அந்த 14 ரூபாயும் நிலைக்காது. இலவச வரம்பைத் தாண்டி ஏடிஎம்மில் பணம் எடுத்தால் ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை வாங்கலாம் என்பது 2025 மே 1 முதல் நடைமுறை. வரியோடு 27 ரூபாய் 14 காசு. ஒரே ஒரு முறை கூடுதலாக எடுத்துவிட்டால் வட்டி முழுவதும் போய், அசலிலும் 13 ரூபாய் குறைகிறது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் இதே தொகைக்கு 4 சதவீத வட்டி, அதாவது 400 ரூபாய்.

சேமிப்பு வட்டியை வங்கிகளே முடிவு செய்யலாம் என்று ரிசர்வ் வங்கி 2011 அக்டோபர் 25 அன்று விட்டுக்கொடுத்தது. அன்று வட்டி 4 சதவீதம். போட்டி வந்தால் வட்டி ஏறும் என்று சொன்னார்கள். சில தனியார் வங்கிகள் ஏற்றவும் செய்தன. நாட்டின் மிகப் பெரிய வங்கியிலோ 2017 ஜூலை 31-இல் 3.5, 2020 மே முடிவில் 2.7, இப்போது 2.5.

பழைய காலம் பொற்காலம் என்றும் சொல்ல மாட்டேன். 2010 மார்ச் வரை, மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 29 நாள் 10,000 ரூபாய் வைத்திருந்து, 30-ஆம் தேதி 9,000 எடுத்தவருக்கு அந்த மாதம் 1,000 ரூபாய்க்கு மட்டுமே வட்டி. அன்றைய 3.5 சதவீதத்தில் 29 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 3 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. 2010 ஏப்ரல் 1 முதல்தான் தினசரி இருப்புக்கு வட்டி கணக்கிடுகிறார்கள்.

என்னை மிகவும் உறுத்துவது குறைந்தபட்ச இருப்பு அபராதம். 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இப்படிப் பிடித்தது ஏறக்குறைய 8,500 கோடி ரூபாய். கடைசி ஆண்டில் மட்டும் 2,331 கோடி. நாளொன்றுக்கு 6 கோடிக்கு மேல். 2020 மார்ச்சிலேயே ஸ்டேட் பேங்க் இந்த அபராதத்தை நிறுத்திவிட்ட பிறகும் தொகை இவ்வளவு. இருப்பு இல்லாததால்தான் அபராதம். இல்லாதவரிடமிருந்து எடுத்த பணம் இது. கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கிகள் 2025-இல்தான் இதைக் கைவிட்டன. பல தனியார் வங்கிகளில் இன்னும் இருக்கிறது.

இதற்கு ரிசர்வ் வங்கியின் விதி உண்டு. இருப்பு குறைந்தால் முதலில் தகவல் சொல்ல வேண்டும், சரிசெய்ய ஒரு மாதமாவது தர வேண்டும், அபராதத்தால் கணக்கு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக் கூடாது.

சிறிய தொகை வைத்திருப்பவர்கள் கிளைக்குப் போய், தங்கள் கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. ஏடிஎம் கார்டுக்கு ஆண்டுக் கட்டணமும் கிடையாது.