படகு மோட்டார்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

கோவளம், சதுரங்கப்பட்டினம் கரையில் சிறு படகுத் தொழில் செய்யும் உறவினருக்கு மோட்டார் வாங்க வட்டியில்லாக் கடன் கேட்போர் கவனிக்க.

டூ ஸ்ட்ரோக்கில் விலையும் எடையும் குறைவு. கரையிலேயே பழுது பார்க்கலாம். ஆனால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும், வழக்கமாக லிட்டருக்கு 20 மில்லி. பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு போய்விடும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியே இருக்கும். சுமார் 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். விலை கூடுதல், பெட்ரோல் செலவு குறைவு.

அன்றாடம் கடலுக்குப் போகிறவருக்கு, கொடுத்த கூடுதல் விலை பெட்ரோல் மிச்சத்திலேயே திரும்பிவிடும். எப்போதாவது ஓட்டுபவருக்கு டூ ஸ்ட்ரோக் போதும். எதுவானாலும் கரை திரும்பியதும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவ வேண்டும்.

வாங்குமுன் மீன்வளத் துறையில் மானியம் பற்றி விசாரியுங்கள். கடன் பணம் அமானிதம். வீண்விரயம் ஆகிவிடக் கூடாது.