சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினைக் கழற்ற வேண்டுமா?

2020 மார்ச் மாதம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது வாகனத்தின் விலை சிறு வியாபாரியின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே கடைக்கும் சந்தைக்கும் பலர் இன்றும் ஓடுவது 1990களில் வந்த பழைய கொரோலாக்களில்தான்.

இந்தக் கார்களில் அமுக்கத்தைக் கவனிக்கும் சிறிய பாகங்கள் இரண்டு உண்டு. ஒன்று எஞ்சின் ஒயிலின் அமுக்கத்தைப் பார்ப்பது. மற்றது எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் அமுக்கத்தை அளப்பது. முதலாவது பழுதானால் "எஞ்சின் போய்விட்டது" என்ற பயம் வரும். இரண்டாவது பழுதானால் பெற்றோல் செலவு கூடும். இரண்டையும் சோதிக்காமல் செலவு செய்தால் நஷ்டம் எமக்குத்தான்.

ஒயில் பிரஷர் சுவிச்

டேஷ் போர்டில் எண்ணெய்க் குவளை வடிவில் எரியும் சிவப்பு விளக்கை இயக்குவது இதுதான். எஞ்சின் புளொக்கில், பெரும்பாலும் ஒயில் பில்டருக்கு அருகில், ஒரு போல்ட் போல முறுக்கப்பட்டிருக்கும். அதன் தலையில் ஒரேயொரு வயர் கொழுவப்பட்டிருக்கும்.

இந்த விளக்கு ஒயிலின் அளவைக் காட்டுவதாகப் பலர் நினைக்கின்றனர். அப்படியல்ல. ஒயிலின் அமுக்கம் மிகவும் கீழே இறங்கினால்தான் அது எரியும். எனவே ஓட்டத்தில் விளக்கு எரிந்தால் "கராஜ் வரைக்கும் போய்ப் பார்ப்போம்" என்று ஓட்டக் கூடாது. உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். அமுக்கம் உண்மையிலேயே இல்லையென்றால் சில நிமிட ஓட்டமே பேரிங்குகளைத் தின்றுவிடப் போதும்.

நிறுத்திய பின் முதலில் ஒயில் கம்பியை இழுத்து அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஓன் பண்ணுங்கள். விளக்கு எரிய வேண்டும். சுவிச்சிலுள்ள வயரைக் கழற்றினால் அணைய வேண்டும். அணையாவிட்டால் வயர் எங்கோ உரசி பொடியில் முட்டுகிறது. சுவிச்சிலும் எஞ்சினிலும் குறை சொல்ல இன்னும் இடமில்லை. கழற்றிய வயரின் நுனியை எஞ்சினின் இரும்பில் தொட்டால் விளக்கு மீண்டும் எரிய வேண்டும். இப்படி எல்லாம் சரியாக நடந்தால் வயரும் பல்ப்பும் நல்லவை. மிச்சமிருப்பது இரண்டே சந்தேகங்கள்: சுவிச் பழுது, அல்லது அமுக்கம் உண்மையில் இல்லை.

இதைத் தீர்த்து வைப்பது பிரஷர் மீற்றர். சுவிச்சைக் கழற்றி அதே துளையில் மீற்றரை முறுக்கி, எஞ்சினைச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். 4ஏ-எப்.ஈ. போன்ற டொயோட்டா எஞ்சின்களில் மெதுவாக ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 4.3 இறாத்தலுக்குக் குறையாமலும், 3000 சுற்றில் 36 முதல் 71 இறாத்தல் வரையிலும் இருக்க வேண்டும். அவ்வளவு இருந்தால் சுவிச்சை மாற்றினால் போதும். இல்லாவிட்டால் சுவிச் மாற்றி விளக்கை அணைப்பதில் பயனில்லை. ஒயில் பம்ப், அடியிலுள்ள வடிகட்டி, பேரிங் தேய்வு ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும்.

புதிய சுவிச் வாங்கும்போது மரையைக் கவனியுங்கள். ஜப்பானிய எஞ்சின்களில் வழமையாக இருக்கும் எட்டிலொரு அங்குல மரையில் அங்குலத்துக்கு 28 புரிகள். அமெரிக்க மரையில் 27. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மாற்றி முறுக்கினால் புளொக்கின் மரை கெட்டுப் போகும்.

வெக்கியூம் சென்சர்

பொதுவாக இதை மெப் சென்சர் என்பார்கள். இந்தப் பழைய கொரோலாக்களில் எஞ்சின் அறையின் பின் சுவரில் பொருத்தப்பட்ட சிறிய கறுப்புப் பெட்டி இது. மூன்று வயர்களும், இன்டேக் மெனிபோல்டிலிருந்து வரும் ஒரு இறப்பர் குழாயும் இதற்கு உண்டு. எவ்வளவு பெற்றோல் பாய்ச்ச வேண்டும் என்பதைக் கார்க் கணினி முக்கியமாக இது கொடுக்கும் கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்கிறது.

கரும்புகை, பெற்றோல் வாசனை, கூடிய செலவு என்று முறைப்பாடு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது சென்சரையல்ல, அந்தக் குழாயை. பழைய இறப்பர் வெடித்திருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். எஞ்சின் பாரம் இழுக்கிறது என்று கணினி எண்ணித் தேவைக்கு மேல் பெற்றோலைப் பாய்ச்சும். இதில் செக் எஞ்சின் விளக்கு எரியாமலும் இருக்கலாம். ஏனெனில் கணினிக்குக் கிடைக்கும் கணக்கு பிழையானது என்றாலும் எல்லைக்குள்தான் இருக்கிறது.

குழாய் நன்றாக இருந்தால் மல்ட்டி மீற்றரை எடுங்கள். சாவி ஓன், எஞ்சின் ஓடக் கூடாது. சென்சருக்கு வரும் மின்சாரம் 4.5 முதல் 5.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். அது இல்லையென்றால் குறை வயரில் அல்லது கணினியில். சென்சர் திருப்பிக் கொடுப்பது 3.3 முதல் 3.9 வோல்ட் வரை இருக்க வேண்டும். குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சினால் இது இறங்க வேண்டும். இறங்காமல் ஒரே இடத்தில் நின்றால் சென்சர் பழுது. இந்த அளவுகள் கொழும்பு போன்ற கரையோர ஊர்களுக்கு உரியவை. நுவரெலியாவில் வளியமுக்கம் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான்; அங்கே அளவு குறைவது பழுதல்ல.

1990களின் டொயோட்டாக்களில் கணினியிடமே கேட்கவும் வழியுண்டு. எஞ்சின் அறையிலுள்ள டயக்னோசிஸ் பெட்டியில் டி.ஈ.1, ஈ.1 என்ற இரு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியை ஓன் பண்ணினால் செக் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டும். இடைவிடாமல் ஒரே சீராகச் சிமிட்டினால் பதிவான குறை இல்லை. மூன்று முறை சிமிட்டி, சற்று நின்று, பிறகு ஒரு முறை சிமிட்டினால் அது 31ஆம் இலக்கம். வெக்கியூம் சென்சரின் பாதையில் குறை என்று அர்த்தம். பாதை என்றால் வயரும் சேர்ந்ததுதான். இலக்கத்தைப் பார்த்த உடனேயே பஞ்சிகாவத்தைக்கு ஓடி சென்சர் வாங்க வேண்டியதில்லை.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவியை ஓன் பண்ணியதும் ஒயில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாத விளக்கு நல்ல சகுனம் அல்ல. பல்ப் போயிருக்கலாம், எஞ்சினின் குறையை மறைக்க அதைக் கழற்றியும் இருக்கலாம்.

தராசில் போடாமல் நாம் சரக்கு எடுப்பதில்லை. கராஜிலும் அதையே கடைப்பிடியுங்கள். எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், மீற்றர் என்ன காட்டியது என்று கேளுங்கள். அளந்து பார்த்தவர் இலக்கத்தைச் சொல்வார். அளக்காதவரிடம் முற்பணம் கொடுக்க வேண்டாம்.